பாவான்னு கத்தினேன், பாவுன்னு ஓடி வந்தாங்க

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருத்தணி டவுனிலிருந்து மூன்று மைல் தள்ளி, மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் நெசவுக்காரத் தெரு. அந்த வருஷம் நூல் விலை தறிகெட்டு ஏறியது. கடைசியில் கடன் சொன்னாலும் நூல் இல்லை, காசு கொடுத்தாலும் நூல் இல்லை. தெருவில் ஒரு தறிச் சத்தம் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்குக் காசநோய் வர வேண்டுமா! அவர் என் அத்தை மகன். எங்கள் வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்துகட்டிப் பேசுவோம். அதனால் சின்ன வயசிலிருந்தே அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுவேன், அத்தான் என்பதற்குத் தெலுங்கில் அப்படி. இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஊசியும் மாத்திரையும் இலவசம்தான். ஆனால் ஊசியை மூன்று மாசம், ஒருநாள் விடாமல் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் பஸ்ஸில் போனோம். தறி நின்றதும் நடந்து போனோம். பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கும். வீட்டில் கஞ்சிக்கே திண்டாட்டம், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டிக்கொண்டு வரும். மருந்து இலவசம் என்றால் போதுமா, அதை விழுங்க ஒரு வயிறு வேண்டாமா?

"நூல் வரட்டும், அப்பால போய்க்கலாம்" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். இழை அறுந்தால் விட்ட இடத்தில் பிணைத்துக்கொள்கிற பிழைப்பு எங்களுடையது. ஊசியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதில் தெருவுக்கு வேறு ஒரு பொய். தெரிந்தால் யாரும் வீட்டுப்படி ஏற மாட்டார்கள் என்று பயந்து, 'ஆஸ்துமா' என்று சொல்லி வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரியோடு எனக்கு ஏற்கெனவே தண்ணீர்ச் சண்டை. அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

ஒருநாள் விடியற்காலை. துப்புவதற்காக வாசலுக்குப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டால், வாயெல்லாம் ரத்தம். "பாவா! பாவா!" என்று தெரு அதிரக் கத்தினேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நீள நூல். அதைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. அதனால் விடியற்காலையில் யாராவது "பாவு, பாவு" என்று குரல் கொடுத்தால், பேச்சுவார்த்தை இல்லாத பகையாளியாக இருந்தாலும் எழுந்து வந்து கை கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் குரல் கேட்டுத்தான் மாசக்கணக்கில் ஆகியிருந்ததே!

நான் கத்திய 'பாவா' அவர்கள் காதில் 'பாவு' என்று விழுந்துவிட்டது.

கதவுகள் படபடவென்று திறந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களும், கஞ்சி இழுக்கிற பிரஷ்ஷோடு பெண்களும், "நூலு வந்துட்ச்சி, நூலு வந்துட்ச்சி" என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். அந்த முகங்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வந்து பார்த்தால், பாவும் இல்லை, நூலும் இல்லை. என் மடியில் மனுஷன் கிடக்கிறார்.

அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "நூலு வரலைங்க. இவருக்கு டீபி. உங்ககிட்ட மறைச்சிட்டேன்" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

முதலில் வாய் திறந்தது எதிர்வீட்டுக்காரிதான். "ஏண்டி, இத வெச்சிகினுதான் இத்தினி நாளா ஆஸ்துமா ஆஸ்துமான்னு அளந்துகினு இருந்தியா?" என்று என்னைப் பிடித்தாள். அதே வேகத்தில் ஆண்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க? பாவுன்னுதான வந்தீங்க? வந்த கை சும்மா திரும்பக் கூடாது. தூக்குங்க!"

கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து அவரைக் கிடத்தி, கட்டிலோடு தூக்கினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி, மூன்று மைலும் சுமந்தே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நான், "விட்டுப்போன ஊசியெல்லாம் சேத்து இன்னிக்கே போட்டுடுங்கம்மா" என்று கேட்டேன். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இது இன்னா தறியா, அறுந்த எடத்துல பிணைக்க? மொதல்லருந்து ஆரம்பிக்கணும்!"

சில நாள் அங்கேயே படுக்கவைத்து, தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் "பாவு! பாவு!" என்று குரல். எதிர்வீட்டுக்காரி கையில் தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கூழ். அவள் புருஷன் பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிறார், நூல் மூட்டை ஏற்றுகிற பெரிய கேரியர் சைக்கிள். அன்றிலிருந்து தினம் ஒரு வீட்டு முறை. அவர்கள் பானையும் பாதி காலிதான், ஆனாலும் அந்தச் சட்டி காலியாக வந்ததே இல்லை. இதைப் பார்த்து, எங்களை மாதிரியே நோயை மறைத்து வைத்திருந்த இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் வெளியே வந்தார்கள். மூன்று சைக்கிள் வரிசையாகப் போகும். "இன்னாப்பா, காவடி கிளம்பிடுச்சா?" என்று நர்ஸம்மா கிண்டல் பண்ணுவார்.

மழை பெய்தது, விடவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ரோடு அடைத்தது, விடவில்லை. மூன்று மாசத்தில் ஒரு ஊசி தவறவில்லை! அதற்கப்புறம் மாத்திரைதான். அதையும் எதிர்வீட்டுக்காரி கண்முன்னால்தான் அவர் விழுங்க வேண்டும். கடைசியாகச் சளி பரிசோதனை செய்து, நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நான் கைதட்டிவிட்டேன்.

ஒருவழியாக நூலும் வந்தது. முதல் பாவு எங்கள் வீட்டுக்குத்தான். விடியற்காலையில் குரல் கொடுக்க நான் கதவைத் திறந்தால், எனக்கு முன்னால் அவர் நடுத்தெருவில் நிற்கிறார். மூச்சை நன்றாக இழுத்தார். "பாவூ...!" தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஒரு இருமல் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரி பிரஷ்ஷோடு வெளியே வந்து, "நெசமா நூலுதானா, இல்ல இந்த வாட்டியும் பாவாவா?" என்றாள். தெருவே சிரித்தது.

இப்போதும் யாராவது கஷ்டத்தில் நோயை மறைத்துக்கொண்டு கதவைச் சாத்தினால், நான் போய்த் தட்டிவிடுவேன், ஏனென்றால் வாய்விட்டுக் கூப்பிட்டால் தப்பாகக் காதில் விழுந்தாவது ஜனங்கள் ஓடி வருவார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.