மாவுப் பேயும் ஜவுளிக்கடைக்காரரும்

இன்று மதியம் செவ்வாய்ப்பேட்டை டாக்கீஸில் ஒரு பேய்ப் படம் பார்த்தேன். பேயின் முகத்தில் அரிசி மாவை அப்பியிருந்தார்கள். நடக்க நடக்க உதிர்ந்தது. கைக்குழந்தைகூட அழவில்லை.

ஆனால் பேசத் தெரிந்த பேய். தான் செத்த மூன்றாம் மாதமே மறுகல்யாணம் செய்துகொண்ட புருஷனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. கொட்டகையே சிரித்தது.

என் பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் மனைவி போய் நாற்பது நாளில் மாலை மாற்றிய மகராசன் அவர்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் புது மனைவியிடம், "தலை வலிக்குது. எந்திரி, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

அந்தப் பெண் அசையவில்லை.

"நீங்க போங்க. அந்தக்கா இன்னும் என்னென்ன சொல்றாங்கன்னு கேட்டுப்போட்டு வாரேனுங்க."

அவளைத் தனியே விட்டுப் போகவும் அவருக்குத் தைரியமில்லை. வேர்வையைத் துடைத்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படத்துக்குப் பயந்த ஒரே ஆள் அவர்தான். உங்கள் ஊரில் எத்தனை பேர் தேறுவார்கள்?