சாரு வைத்த புல்

போன வாரம் சென்னையிலிருந்து மகள் வந்திருந்தாள். "அம்மா, பூவாறில் போட்டிங் போகலாம்" என்றாள். தொண்ணூறை நெருங்குகிற எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, மூன்று பேராகப் பிடித்துப் படகில் உட்கார வைத்தார்கள். கழிமுகம் நெருங்கும்போது, கரையோரமாக ஆளுயரப் புல் — காற்றில் அலையலையாக.

"என்ன ஒரு பச்சை! அம்மா, அதுக்கு முன்னாடி உன்னை ஒரு போட்டோ..."

நான் திரும்பவே இல்லை. புல்லைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே கிழவி நானாகத்தான் இருப்பேன். ஏன் என்று மகளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். வாராவாரம் உங்களிடம்தானே எல்லாவற்றையும் கொட்டுகிறேன்!

கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் — அதுதான் கோரிக்கை. என் வீட்டுக்காரர் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஊருக்கெல்லாம் 'சாரு' — 'சார்' என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டு, மாலை போராட்டக் கூட்டத்தில் பேச்சு. இரண்டுக்கும் ஒரே ஜிப்பா.

நெய்யாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கரையிலேயே எங்கள் வீடு. கீழே பெரிய சேற்றுவெளி. கடல் ஏற்றம் வந்தால் தண்ணீர் மூடும். வற்றம் வந்தால் பளபளவென்று சேறு. அந்தச் சேற்றில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? நண்டு வளைகள், துடுப்பை ஊன்றித் தாவும் குட்டி மீன்கள், ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான் குருவிகள்... எல்லாவற்றுக்கும் மேலாக, கக்கா என்கிற சிப்பி. வற்றத்தில் பெண்கள் இறங்கி, காலால் துழாவியே கக்கா பொறுக்குவார்கள். சதை கறிக்கு, ஓடு சுண்ணாம்புச் சூளைக்கு. அவர்களில் ஒருத்தி சரசம்மை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் 'சேச்சி' என்பேன். வீட்டில் மலையாளம் பேசுவாள். எங்களோடு எப்போதும் தமிழ்தான்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பசுக்கள். கரை வேறு வருஷா வருஷம் இடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு சிநேகிதர் ஒரு சாக்கு எருமைப்புல் கொண்டுவந்து கொடுத்தார். வெளிநாட்டுப் புல்லாம். "சேத்துல வச்சா போரும். கரையும் நிக்கும், பசுவும் கறக்கும்." கேட்க வேண்டுமா? இவரே முழங்கால் சேற்றில் இறங்கி வரிசையாக நட்டார்.

கரை நின்றது. பசு கறந்தது. புல் மட்டும் நிற்கவில்லை... ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுக்கொண்டு ஆற்றுக்குள் நடந்தது. அந்த வருஷம் பொழி — அதாவது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்மேடு — வெகுநாள் முறியவே இல்லை. உப்பு ஏறாத தண்ணீரில் புல்லுக்குக் கொண்டாட்டம். அதன் தண்டுகளில் தண்ணீரின் வேகம் குறைய, வண்டல் படிந்து படிந்து தரை உயர்ந்தது. மேலே பச்சைக் கம்பளம். கீழே பாய்போல வேர். அதற்கும் கீழே நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. உள்ளான்கள் முதலில் போயின. பிறகு நண்டு.

ஒருநாள் சரசம்மை காலிக் கூடையை எங்கள் முற்றத்தில் கவிழ்த்துப் போட்டாள்.

"சாரே, எட்டுப் பெண்ணுங்க காலத்தே எறங்கினோம். கிட்டினது பூராவும் செத்த ஓடாக்கும். ஒங்க புல்லுக்க அடியில ஒண்ணும் உயிரோட இல்ல."

"புல்லு என்ன செய்யும் சரசம்மா? கக்கா அடுத்த வருஷம் வரும்" என்றார் இவர், செருப்பை மாட்டிக்கொண்டே. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அவளுடைய அண்ணன் எதிர்த்தரப்பில் கொடி பிடிக்கிறவர். அதனால் அவள் சொன்னதில் பாதி இவர் காதில் விழவில்லை.

சில வாரங்களில் கைது தொடங்கியது. இவர் பனச்சமூடு வழியாகக் கிழக்கே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டார். போலீஸ்காரர்கள் பட்டப்பகலில் வந்து, அரிசிப்பானை வரைக்கும் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தது யார் என்கிறீர்கள்? சரசம்மைதான்.

"குடி மக்கா. சாருக்கு ஒண்ணும் வராது."

"சேச்சிக்க வீட்டுல கக்கா உண்டா?" என்று கேட்டேன்.

"கக்காயா? அதெல்லாம் பண்டு!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே ஒரு வேளைதான் என்று எனக்குத் தெரியும். அதில் பாதியைத்தான் நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அரிவாளோடு நானே இறங்கினேன். வீராவேசமாக அறுத்து, அறுத்ததையெல்லாம் ஆற்றில் எறிந்தேன். என்ன ஆயிற்று? எறிந்த துண்டுகள் மிதந்துபோய், அதுவரை புல்லே இல்லாத தெற்குத் திட்டில் வேர் பிடித்தன! ஒரே மாதம்... அங்கேயும் பச்சை. பெண்கள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நியாயம்தானே? சாரு செய்ததை நான் இரட்டிப்பாக்கியிருந்தேன்.

சரசம்மை திட்டவில்லை. கோடை மழையில் பொழி முறிந்து கடல் உள்ளே வரத் தொடங்கியதும், என்னைத் தேடி வந்தாள்.

"நாளக் கழிஞ்சு கறுத்தவாவு. பெரிய ஏத்தம் வரும். அதுக்கு முன்ன வெள்ளத்துக்கு அடியில, மூட்டோட ஒட்டி அறுக்கணும். அறுத்த மூட்டுக்கு மேல உப்புவெள்ளம் நிண்ணா அழுவிப் போவும். ஒரு கணு கூட ஆத்துல விழப்பிடாது, கேட்டியா?"

இரண்டு நாள், ஒன்பது பெண்கள். அறுத்ததைக் கடகப்பெட்டியில் சுமந்து கரையேற்றி வெயிலில் உலர்த்தினோம். புல்லின் சுணை கிழித்து என் முழங்கை வரைக்கும் ரத்தம். அமாவாசை ஏற்றம் வந்து, அறுத்த இடத்தை உப்பு மூடியது. அடுத்தடுத்த வாவுக்கும் இதே வேலை. ஒரு கோடை முழுக்க!

கைதெல்லாம் ஓய்ந்து அவர் திரும்பி வந்தபோது வடக்கு மூலையில் மட்டும்தான் புல் மிச்சமிருந்தது.

"எனக்க புல்லு எங்க?"

"அறுத்தோம்."

"யாரு?"

"நானும் சரசம்மச் சேச்சியும்."

"அவளா? அவளுக்க அண்ணன் நமக்கு எதிரா நிக்கியவனாக்கும்! மண்ணு வேணுமின்னு நான் ஒளிஞ்சு கெடக்கியேன். நீ எனக்க மண்ணையே..."

"அது உங்க மண்ணு இல்ல" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "ஏத்தம் வந்தா அது ஆறு. வத்தம் வந்தா அது சேச்சிக்க அடுப்பு."

சாப்பிடாமல் எழுந்து போனார். வடக்கு மூலைப் புல்லை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு வேறு. நாங்களும் தொடவில்லை. வீட்டில் அதற்குப் பிறகு அளந்துதான் பேச்சு.

கடைசியில் எல்லை முடிவானது. விளவங்கோடு, கல்குளம் எல்லாம் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எங்கள் வீடும் அதோடு. செய்தி வந்த அன்று அவர் ஜிப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தவர்தான். மூன்று நாள் எழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயந்தே போனேன்.

நாலாம் நாள் காலை வற்றம். எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அரிவாளை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, பெண்களோடு செத்த ஓடு பொறுக்கிக்கொண்டிருந்த சரசம்மையிடம் நேராகப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சரசம்மா, கோடு போட்டவனுவ எனக்கிட்ட ஒரு வாக்கு கேக்கல்ல. நெஞ்சு எரியுது. நானும் புல்லு வைக்கும்ப ஒனக்கிட்ட ஒரு வாக்கு கேக்கல்ல... தப்பாக்கும்."

ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சேற்றில் நின்றுகொண்டு, அத்தனை பெண்களுக்கு முன்னால்! சரசம்மை கைச்சேற்றை வழித்து எறிந்தாள். பிறகு, எங்களோடு ஒருநாளும் மலையாளம் பேசாதவள், "போட்டே, சாரே" என்றாள். போகட்டும் என்று அர்த்தம். மனசுக்குள்ளிருந்து நேராக வந்தால் அவரவர் மொழியில்தானே வரும்?

வடக்கு மூலையை அவரே அறுத்தார். கரை இடியாமலிருக்கக் கைதை, அதாவது தாழை, நட்டார் — இந்தத் தடவை அவளிடம் கேட்டுவிட்டு! இரண்டு மழைக்காலம் கழிந்து கக்கா வந்தது. முதலில் விரல்நகம் அளவு, அப்புறம் கூடைகூடையாக. நண்டும் வந்தது. உள்ளான்கள் வந்தன, பழைய கூட்டத்தில் பாதிதான். தெற்குத் திட்டு — என் கைங்கரியம் — வண்டலில் மேடானது, பழைய மட்டத்துக்கு இறங்கவே இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் இனிப்பாகத்தான் இருக்கிறது. வற்றத்தில் எழும் அந்தச் சேற்று வாசனை, வரிசையாகக் குனிந்த பெண்களின் பேச்சுச் சத்தம், அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் என்னிடம் எதையும் கேட்டே செய்த இருபத்தேழு வருஷம்...

கெட்டது செய்கிறவர்களைத் தடுத்துவிடலாம். நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள்தான் யாரையும் கேட்பதே இல்லை!