ஐந்தை அழித்த அத்தான்

எங்கள் அத்தான் ஒரு சலவைக்கூடத்தின் மேனேஜர். ஓட்டல்களின் படுக்கைவிரிப்பும் மேசைத்துணியும் வெளுத்துத் தேய்த்துத் தரும் இடம். அக்கா அங்கே தேய்ப்பு மெஷினில் நிற்கிறாள். நான் வேன் ஓட்டுகிறேன். குடும்பமே அவருக்குக் கீழே. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

முதலாளியம்மா அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே சொல்லிக்கொடுத்தது இது: முடிவெடுக்கும் முன் எதெது முக்கியம் என்று எழுது, ஒவ்வொன்றுக்கும் எடை கொடு, பிறகு மார்க் போட்டுக் கூட்டு. கூட்டியபின் எடையில் கை வைக்காதே. நல்ல பாடம்தான். அத்தான் கடைசி வரியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்து, சுவரில் ஒரு வெள்ளை போர்டு மாட்டினார். சோப்பு வாங்க போர்டு, நாற்காலியை நகர்த்த போர்டு. மனதில் நினைத்தது ஜெயிக்கும்வரை அழிப்பார், எழுதுவார். ஜெயித்ததும், "நான் சொல்லல, போர்டு சொல்லுது" என்பார். வெட்கமே கிடையாது.

அக்காவின் மெஷினில் ஆவிக்குழாய் கசிந்தது. அத்தானுக்குத் தன் அறையில் ஏசி மாட்ட ஆசை. இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி. எங்களை நிற்கவைத்தே போர்டில் மார்க் போட்டுக் கூட்டினார். குழாய் ஜெயித்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. 'பாதுகாப்பு' என்பதற்கு எதிரே எடையாக இருந்த ஐந்தை அழித்து ஒன்று போட்டார். ஏசி ஜெயித்தது.

"ஆவி கையில அடிக்குதுங்க" என்றாள் அக்கா.

"போர்டுக்குப் பொண்டாட்டி புள்ள கிடையாது" என்றார் அத்தான்.

ஏசி வந்த வாரமே அக்காவின் மணிக்கட்டு வெந்தது. இது யார் எடுத்த முடிவு என்று முதலாளியம்மா வந்து கேட்டார்.

"போர்டு சொல்லுச்சும்மா" என்றார் அத்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்துப் பேசாத அக்கா, கட்டுப்போட்ட கையோடு வாயைத் திறந்தாள். "போர்டு ஒண்ணும் சொல்லலம்மா. அஞ்ச அழிச்சு ஒண்ணு போட்டது இவர்தான்."

முதலாளியம்மா கத்தவில்லை. "குழாய் சரியாகிற வரைக்கும் அந்த மெஷின்ல நீங்களே நில்லுங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தான் நின்றார். முதல் விரிப்பிலேயே ஆவி சீற, துள்ளி விலகினார்.

"இதுக்கு எத்தனை மார்க் அத்தான்?" என்று கேட்டேன். எனக்கு அப்படியொரு திருப்தி.

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் போய், "இடது கைய இங்க வைக்காதீங்க, இங்கதான் அடிக்கும்" என்று கட்டுப்போட்ட கையால் காட்டினாள். நானாக இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அத்தான் அவளை முறைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"