வெடிக்குப் பிறகு ஒரு கூ

பன்றி என் தொடையைக் கிழித்தபோது என் கையில் துவக்கு இருந்தது. இடுப்புப் பையில் வெடிமருந்து இருந்தது, ஈயக்குண்டும் இருந்தது. இல்லாதது நேரம் ஒன்றுதான்.

எங்கள் துவக்கை இடியன் என்போம். குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, குண்டைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிக்க வேண்டும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்பிவிடலாம். அந்தத் தனியன் பன்றிக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. தோளில் பட்ட குண்டோடு பற்றைக்குள் ஓடி, நான் கம்பியை வைத்து இடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் திரும்பி வந்தது. முழங்காலுக்கு மேலே பல்லைப் புகுத்தி இடுப்பு வரை இழுத்தது. என்னுடைய இறைச்சி என்ன நிறம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அடுத்த மரத்தடியில் இருந்த மச்சான்தான் என் கூக் கேட்டுக் கோடரியோடு ஓடி வந்தான். மூன்று கொத்து. மூன்றாவதில் பன்றியின் மண்டை பிளந்து அதன் சூடு என் முகத்தில் அடித்தது. தன் சாரத்தை உரிந்து என் தொடையைக் கட்டி, அரைக் காற்சட்டையோடு சைக்கிள் பாரில் என்னைச் சாய்த்துக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்தான். வழியில் கண்டவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். எனக்கு அது தெரியாது, நான் பாதி வழியிலேயே மயங்கிவிட்டேன்.

அவன் என் மனைவியின் அண்ணன். மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, கிளிநொச்சிக்கு மேற்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவர்களுடையது. வெளியில் எங்களைப் போலவே கதைப்பார்கள். கோபம் வந்தால் மட்டும் பழைய பேச்சு வந்துவிடும். என் மனைவி என்னை ஏசியது முழுவதும் அந்தப் பேச்சில்தான், அதனால் அதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஊரில் வேட்டைக்குப் போகும் துவக்குகள் மூன்று. என்னுடையது, மச்சானுடையது, வாய்க்கால்கரையில் இருந்த இன்னொருவனுடையது. அவனை இனிமேல் ரைபிள்காரன் என்கிறேன், அந்தப் பெயர்தான் அவனுக்கு நிலைத்தது. நெல் கதிர் கட்டும் குடலை பருவத்துக்கு வந்தால் பன்றி கூட்டமாக இறங்கும். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஒரு ஏக்கர் உழுது கிடக்கும். ஆகவே வேட்டை எங்களுக்கு விளையாட்டு இல்லை. வயலுக்குக் காவல், சட்டிக்கு இறைச்சி.

எங்கள் முறை இதுதான். மூன்று துவக்கும் காட்டோரம் வரிசையாக இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் தகரம் தட்டி, நாய்களை விட்டுப் பன்றிகளைக் கலைத்து வருவார்கள். வெடி கேட்டதும் ஒருவரும் எழும்பக்கூடாது. நடுவில் இருப்பவன் பார்த்து ஒரு கூ கொடுக்க வேண்டும். கூக் கேட்டால், வெடி வைத்த துவக்கு வெறுமை என்று அர்த்தம். வெடி வைக்காதவர்கள் குழலை நிலத்துக்குச் சரித்துவிட்டு எழும்பலாம், கோடரியோடு போகலாம். வெடி வைத்தவனுக்கு அந்தக் கூவில் வேலை இல்லை, அவன் கையில்தான் ஒன்றும் மிச்சம் இல்லையே. நடு இடம் எப்போதும் எனக்கு. என் கூ குளத்துக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவனுக்கும் கேட்கும். "நுணலும் தன் வாயால் கெடும் எண்டு உன்னைப் பாத்துத்தான் சொல்லியிருக்கினம்" என்று மச்சான் பகிடி பண்ணுவான். ஆனால் அந்தக் கூக் கேட்காமல் அவன் ஒருநாளும் எழும்பியதில்லை. காலில் எறும்பு ஏறினாலும் அசையமாட்டான்.

தொண்ணூறாம் ஆண்டு, அமைதி காக்க வந்திருந்த படை மூட்டை கட்டிக்கொண்டு போனது. அதோடு ஒட்டி நின்றவர்களும் ஓடினார்கள். ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போனவை கிணறுகளிலும் மதகுகளுக்குள்ளும் கிடந்தன. வாய்க்கால்கரைக்காரன் மதகுக்குள் இருந்து ஒரு நீள ரைபிளை எடுத்து, எண்ணெய் பூசி, சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். ரவைக்கூட்டில் இருபது ரவை. விசையை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாகப் போகும், இடிக்கவும் வேண்டாம் தும்பும் வேண்டாம்.

முதல் தரம் தனியாகப் போனான். ஒரே இடத்தில் நின்று ஏழு பன்றி. தாய், குட்டி என்று பார்க்கவில்லை. குடல் வெளியே வந்த குட்டியொன்று வரப்பில் சுற்றிச் சுற்றிக் கத்தியதை நானே பார்த்தேன், நான்தான் மிதித்துக் கொன்றேன். இரண்டைத்தான் ஊரால் தின்ன முடிந்தது. மிச்சம் அழுகி, ஒரு கிழமைக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனோம்.

அன்று மாலை குளக்கட்டில் மூன்று பேருக்கும் சண்டை.

"இது வேட்டையில்லை" என்றான் மச்சான். "ஒரு வெடிதான் இருக்கெண்டால் மனுசன் ரெண்டு தரம் பாப்பான். இருபது இருந்தால் கை பாக்கும், கண் பாக்காது."

"உங்கட இடியன் அரைகுறையாக் காயப்படுத்திப்போட்டு விடுது" என்றான் ரைபிள்காரன். "அது காட்டுக்கை கிடந்து நாலு நாள் அழுகிச் சாகுது. அது மட்டும் புண்ணியமோ? உன்ர மச்சான்ர தொடையைப் பார்."

நான் ரைபிள்காரன் பக்கம். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ரைபிளைக் கையில் வாங்கியபோது எனக்குத் தொடை வலியே மறந்துபோனது. இனி எந்தப் பன்றிக்கு முன்னாலும் கம்பியும் கையுமாக நிற்க வேண்டாம். பயந்தவனுக்குத்தான் அப்படியொரு சாமானில் ஆசை வரும், ஆனால் அன்று நான் அதை வீரம் என்று நினைத்தேன்.

"அப்ப கூ?" என்று கேட்டான் மச்சான். "அவன் ஒண்டை வெடிக்க வைச்சால் பத்தொன்பது கிடக்கும். கூவுக்கு என்ன மதிப்பு?"

"பயமெண்டால் குசினிக்குள்ள இரு மச்சான். தங்கச்சிக்கு வெங்காயம் உரிச்சுக் குடு" என்றேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மட்டு யாருக்கு என்றுதான் எனக்கு அன்று தெரியவில்லை. அவன் கை மூடி என் வாயில் குத்தினான். ஒரு பல் கையோடு வந்தது. நான் அவனைக் குளக்கட்டிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் வைத்து அமத்தினேன். ரைபிள்காரன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே அவனைக் கொன்றிருப்பேன். இரண்டு பேரும் இரத்தமும் சேறுமாக வீட்டுக்குப் போனபோது என் மனைவி அகப்பையோடு வாசலில் நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் மனுசங்களா, இல்ல பன்னிங்களா?" என்று கேட்டாள். பிறகு அதே கையால் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். எனக்கு மெல்ல முடியவில்லை. மச்சான் தன் தட்டிலிருந்த குழம்பை என் சோற்றில் விட்டுக் குழைத்துத் தந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் இறங்கி வந்தான், ஒரு நிபந்தனையோடு. ரைபிள்காரன் வெடி வைத்து முடிந்ததும் ரவைக்கூட்டைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அதை என் கண்ணால் கண்ட பிறகுதான் நான் கூ கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒருவரும் அசையமாட்டோம், ரைபிள்காரன் எத்தனை வெடியும் வைக்கலாம்.

"கண்டாப் பிறகுதான், என்ன?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டான்.

"ஓமடா, நான் என்ன சின்னப் பிள்ளையே" என்றேன். ரைபிள்காரன் கழற்றித் தூக்கிக் காட்டுவதைக் குளக்கட்டில் வைத்துப் பத்துத் தரம் பழகினோம். நானும் பத்துத் தரமும் பார்த்துத்தான் கூவினேன்.

அந்த முறையில் முதல் தரம் வேட்டைக்கு இறங்கிய காலை, வெயில் ஏறிய பிறகுதான் போனோம். வலப்பக்கம் ரைபிள்காரன், இடப்பக்கம் வீரைப் பற்றைக்குள் மச்சான், நடுவில் ஒரு சாய்ந்த பாலைக் கிளையில் நான். இரண்டு பேரும் எனக்குத் தெரிவார்கள், அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. தகரச் சத்தம் கிட்ட வந்தது. முதலில் ஒரு பெரிய தனியன் வெளியே வந்தது, என் தொடையைக் கிழித்ததின் அண்ணன்தம்பி என்று நினைக்கும்படியான உடம்பு.

ரைபிள் வெடித்தது. இடியன் போல் குமுறாது, சாட்டையால் காதுக்குள் அடித்த மாதிரி. தனியன் முன்னங்காலை மடித்து மூக்கால் நிலத்தை உழுதுகொண்டு விழுந்தது.

என் வாய் திறந்தது.

இதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தொடை வலி என்று, சந்தோசம் என்று. ஒன்றும் இல்லை. பதினைந்து வருடமாக வெடி கேட்டதும் கூவிய வாய், வெடி கேட்டது, கூவியது. பாதிக் கூவில் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயை விட்டுப் போன சத்தத்தைப் பிடித்து உள்ளே இழுக்க முடியாது. ரைபிள்காரனின் இரண்டு கையும் ரைபிளில்தான் இருந்தன. "இரு" என்று கத்தினேன். அதற்குள் மச்சான் குழலைச் சரித்துவிட்டு, கோடரியோடு பற்றையை விலக்கிக்கொண்டு எழும்பிவிட்டான். அதே இடத்தால்தான் இரண்டாவது பன்றி பாய்ந்தது.

மூன்று வெடி. ஒரு மூச்சுக்குள் மூன்று.

ஒன்று பன்றிக்கு. ஒன்று அவன் தாடையை எடுத்துக்கொண்டு போனது. ஒன்று நெஞ்சுக்கு. நான் கிளையிலிருந்து விழுந்து, நொண்டிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, முன்னால் சுண்டுவிரல் போகிற ஓட்டை, முதுகில் சிரட்டை அளவு சதையே இல்லை. என் சாரத்தை உரிந்து முதுகுக்குள் திணித்தேன். அது நனைந்துகொண்டே போனது. கட்டுவதற்கு இடமே இருக்கவில்லை. அவன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தான். வாய் இருந்த இடத்தில் இரத்தம் குமிழி விட்டது, பிறகு விடவில்லை. கோடரியை மட்டும் கை விடவில்லை.

ரைபிள்காரன் வந்து நின்று, "ஏன் எழும்பினவன், ஏன் எழும்பினவன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ரைபிள் சத்தத்தில் அவன் காது அடைத்துப் போயிருந்தது. என் கூ அவனுக்குக் கேட்கவேயில்லை.

என் இடியனைத் தலைகீழாகப் பிடித்து அவனை அடித்தேன். முதல் அடியில் தோள்மூட்டு இறங்கியது. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். அவன் தடுக்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அடித்தால் குற்றம் அவன் பக்கம் போய்விடும் என்று எங்கேயோ ஒரு கணக்கு எனக்குள் ஓடியிருக்க வேண்டும். துவக்குப் பிடி முறியும் வரை அடித்தேன். கலைத்து வந்தவர்கள் தகரங்களோடு சுற்றி நின்றார்கள். அவர்களுக்குக் கூக் கேட்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்காதது எனக்குச் செய்த உதவி என்று நினைத்தார்களோ, தெரியாது.

ரைபிளை அவனே கொண்டுபோய், ஊரை வைத்திருந்த இயக்கத்திடம் ஒப்படைத்தான். மூன்று மாதம் உள்ளே வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். திரும்பி வந்தவனோடு ஊர் கதைக்கவில்லை. கடைக்காரர் சாமான் கொடுத்தார், முகம் பார்க்கவில்லை. பிள்ளைகள் அவனைக் கண்டால் விரலைத் துவக்காக நீட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி செத்தவீட்டில் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேட்டைக்குப் போவதை விட்டேன். யாராவது தூரத்தில் நின்றால் கூப்பிடாமல் கிட்டப் போய்த்தான் கதைப்பேன். வெட்கம் என்றால் இவ்வளவுதான் என் வெட்கம்.

பிறகு பெரிய இடப்பெயர்வு வந்தது. செல் குண்டுகள் விழ விழ, கிடைத்ததைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காட்டுவழியால் மல்லாவிக்குப் போனோம். தறப்பாள் கூரையின் கீழே இரண்டு வருடம். அங்கேயும் அண்ணனின் திவசத்தை அவள் விடவில்லை. எட்டாவது வருடத் திவசத்தன்று மத்தியானம், படையலுக்குச் சோறு இறக்கிய நேரம், வேலிப் படலையில் ஒரு மெலிந்த ஆள் நின்றான். இறங்கிய தோளை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

அவன் என்னைப் பார்க்காமல் நேரே போய் அவள் காலில் விழுந்தான். "தங்கச்சி, எட்டு வரியமா ஏலாமல் இருக்கு. ஏன் எழும்பினவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. ஆனாச் சுட்டது நான்தான். ஒரு வார்த்தை ஏசிப்போடுங்கோ."

நான் தண்ணீர்ச் செம்போடு அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் கேட்ட என் தொண்டையில் ஒரு சத்தமும் இல்லை.

அவள் அகப்பையை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். கோபத்தின் பேச்சுத்தான் வந்தது, ஆனால் குரல் ஏறவில்லை.

"எந்திரிங்க. எங்கண்ணன் கூ கேக்காம எந்திரிக்கிற ஆளில்ல. அது எனக்கு அன்னைக்கே தெரியும். கூ குடுத்த ஆளுக்கே எட்டு வருசமா நான் சோறு போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் ஒக்காந்து சாப்புடுங்க."

அவனுக்கு ஓர் இலை போட்டாள். பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போட்டாள். ரைபிள்காரன் மெல்லத் தலையைத் திருப்பி, அந்த எட்டு வருடத்தில் முதல் தரமாக, என் வாயைப் பார்த்தான்.