விமானத்தை விடுகிறவள்

மைதானத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கணவரின் கூட்டாளியான, அவளைவிட வயதில் மூத்த மீசைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். வாரம் முழுக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தை அளந்து, கருவிழி எங்கே நிற்கிறது என்று பார்த்து லென்ஸில் புள்ளி வைப்பாள். "தலையைச் சாய்க்காதீங்க, நேரா பாருங்க" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் எதிரே வருகிறவரின் தலை லேசாகச் சாய்ந்திருந்தால்கூட அவள் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேறு வேலை. கணவரின் விமானத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் தலையசைத்ததும் விட வேண்டும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று அவளும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். அவர் பறக்கவிட்டது கம்பி விமானம். மரத்தில் செய்த சின்ன விமானம். அதன் ஒரு பக்க இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நடுவில் நிற்பவரின் கைப்பிடிக்கு வரும். கைப்பிடியை மேலே சாய்த்தால் மூக்கு மேலே எழும், கீழே சாய்த்தால் இறங்கும். இடம் வலம் கிடையாது. விமானம் அவரைச் சுற்றியே பறக்கும். அவரும் அதோடு சேர்ந்து சுற்றுவார். நடுவில் நிற்பவரால் வட்டத்தின் விளிம்பில் இருக்கும் விமானத்தைக் கிளப்ப முடியாது. எஞ்சின் அலற, இன்னொருவர் அங்கே மண்டியிட்டு அதைப் பிடித்திருக்க வேண்டும். கைப்பிடி அசையும்போது வாலிலுள்ள மடல் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா, கம்பி எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளக் கூடாது, கையை எடுத்தால் போதும். எடுத்ததும் ஆமணக்கெண்ணெய் கலந்த புகை முகத்தில் அடிக்கும். அந்த வாசனை துவைத்தாலும் துணியை விட்டுப் போகாது.

வீட்டில் அவர்களுக்குள் பேச்சு குறைவு. அவர் பஸ் டெப்போவில் மின்வேலை பார்ப்பவர். வருவார், சாப்பிடுவார், படுப்பார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இருந்த கொஞ்சப் பேச்சும் அவளோடு போய்விட்டது. சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடவும் இருவருக்கும் பொதுவாக ஏதாவது வேண்டுமே. மைதானத்தில்தான் அவர் அவளை நேருக்கு நேர் பார்த்தார். கம்பியின் இந்த முனையில் அவள் கண் 'விடட்டுமா' என்று கேட்கும். அந்த முனையில் அவர் தலை 'விடு' என்று சொல்லும். வாரத்துக்கு ஒரு காலைப் பொழுது கிடைத்த இதை வைத்துக்கொண்டு அவள் மிச்ச நாட்களை ஓட்டினாள். அதை அவரிடம் சொன்னதில்லை.

மைதானத்தின் மறுபாதி, கம்பி இல்லாமல் ரிமோட்டில் விமானம் விடும் ரேடியோக்காரர்களுடையது. இரண்டு கூட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

"என்ன அண்ணே, செக்குமாடு கிளம்பிடுச்சா?" என்பான் அங்கிருந்து ஒருவன்.

"செக்குமாடு சுத்தினா எண்ணெயாச்சும் வரும்டா" என்று மீசைக்காரர் திருப்பிக் கொடுப்பார். "உங்களுது அவுத்துவிட்ட கழுதை. போச்சுன்னா போச்சு!"

கணவருக்குத் தலைசுற்றல் எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். காது டாக்டர், கோளாறு உள்காதில் இருக்கிறது, சுற்றுவது கூடாது என்றார். "மைதானத்துல யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் கணவர், வெளியே வந்ததும். அவளும் விடவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் அவள் கையில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் நடுவில் குனிந்து கைப்பிடியை எடுத்து நிமிர்ந்தார். நிமிர்ந்த தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, தன்னைத் திருத்திக்கொண்டு, மறுபடி சாய்ந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் தலையசைத்தார். அவள் விடவில்லை. மறுபடியும் அசைத்தார்.

"விடு!"

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"விடுடி!"

நாலு பேர் முன்னால் அவர் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. அவள் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கினாள். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. அந்த அமைதியில் மீசைக்காரரின் குரல் நன்றாகவே கேட்டது.

"என்ன அண்ணி, அண்ணனுக்குப் பூட்டுப் போட்டுட்டீங்களா? சாவி எங்க, முந்தானையிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு, மதில் மேல் நடப்பவரைப் போல அளந்து அளந்து நடந்து வெளியே போனார்.

அவள் செய்தது சரிதான். ஆனால் சரியானதைச் செய்தவருக்கு நல்லது நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் ரேடியோ விமானம் வாங்கினார். தெர்மகோல் மாதிரி நுரையில் செய்தது; பேட்டரியில் ஓடுவது. புகை இல்லை, வாசனை இல்லை, அலறல் இல்லை. சுற்ற வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி ரிமோட்டில் இரண்டு கட்டைவிரல்களை வைத்தால் போதும். வானம் முழுக்க அவருடையது. சுதந்திரம் என்றால் இதுதான் என்று ரேடியோக்காரர்கள் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் கம்பியில் விமானத்தின் இழுப்பு நேராகக் கைக்கு வரும். காற்று அதை உள்ளே தள்ளிக் கம்பி தளர்ந்தால் ஓரடி பின்னால் போய் இறுக்கிக்கொள்ளலாம். ரேடியோவில் கைக்கு ஒன்றும் வராது. எல்லாவற்றையும் கண்ணே சொல்ல வேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும், கண்ணும் ஏமாற்றும். விமானம் தடுமாறும்போதெல்லாம் அவர் பழக்கதோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து ஓரடி பின்னால் போனார். இல்லாத கம்பியை இறுக்குவதற்கு.

முதல் வாரம் அவள் கேட்டாள்: "பிடிக்கட்டுமா?"

"வேணாம். அதுவா ஓடி ஏறிக்கும்."

அதன் பிறகு அவள் ஃப்ளாஸ்க்கோடு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

காற்று பலமாக இருந்த ஒரு நாள், திரும்பி வந்த விமானத்துக்கு அவர் இடது வலதை மாற்றிக் கொடுத்துவிட்டார். அது மதில் சுவரைத் தாண்டி, மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த புதர்க்காட்டுக்குள் போய் மறைந்தது. இருவரும் தேடப் போனார்கள்.

"நீ அந்தப் பக்கம் பாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பாத்தியா?" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் அவளிடம் ஏதோ கேட்கிறார்.

"ஏங்க, அன்னிக்கு விடலேன்னு இன்னும் கோவமா?"

அவர் குச்சியால் புதரை விலக்கினார். "கோவம் இல்ல. விழுந்திருப்பேன், எனக்கே தெரியும். விழுந்தா எந்திரிச்சிருப்பேன். நீ ஏன் நடுவுல வந்த?"

"நான் எப்பவும் நடுவுலதானே இருந்தேன்?"

"இல்ல. நீ ஓரத்துல இருந்த." அவர் நிமிரவில்லை. "இந்த ரேடியோவுல என்னை யாரும் பிடிச்சு வெக்க முடியாது. எனக்கு அது போதும்."

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, முள் மரக்கிளையில் வெள்ளை இறக்கை. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் இருக்கா?"

"இல்லீங்க."

தேடுகிற வரைக்கும் இரண்டு பேர் வேண்டும். அவள் அவரை மரத்துக்கு எதிர்த்திசையில் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள். அவள் கேட்டாள், அவர் பதில் சொன்னார். வெயில் ஏறியது. திடீரென்று அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டார். அவள் குனிந்து நீட்டிய கை அவர் தோளுக்கருகிலேயே இருந்தது. அவர் தரையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுற்றல் அடங்கியதும் அவள் சொன்னாள். "அதோ, அந்த முள்ளு மரத்துல இருக்கு."

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "எப்பப் பாத்த?"

"இப்பத்தான்."

அவள் முள்ளுக்குள் கைவிட்டு விமானத்தை எடுத்து வந்தாள். முழங்கையில் கீறல் நீளமாக இருந்தது. ஓர் இறக்கை விரிசல் விட்டிருந்தது. அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "ஒட்டிடலாம்" என்றார், விமானத்திடம் சொல்வதுபோல. முன்னால் நடந்தவர், சுவருக்கருகே வந்ததும் திரும்பாமலே சொன்னார்:

"அடுத்த வாரத்துலேர்ந்து நீ வெயில்ல அலைய வேணாம். வீட்லயே இரு."

கேட்பவருக்கு அது அக்கறையாகத்தான் தோன்றும். "சரிங்க" என்றாள் அவள்.