முப்பத்தோரு ஞாயிறும் ஒரு சட்டையும்

பைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் அவள் ஒரு துணியையும் உள்ளே அனுப்புவதில்லை. மேல்பை, பக்கப்பை, கோட்டின் உள்பை என்று வரிசையாக இரண்டு விரலை விட்டுத் துழாவுவாள். சாவி, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, எழுதி முடித்தும் கொடுக்காமல் விட்ட கடிதம். கிடைத்ததைக் காகித உறையில் போட்டு, துணிச் சீட்டின் எண்ணை அதன்மேல் எழுதி, ஊக்கு குத்தி வைப்பாள். பிறகு துணியைக் கொடுத்துவிட்டு அந்த ஆள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வரிசையில் அடுத்து நிற்பவர் தொண்டையைக் கனைத்தால்தான் திரும்புவாள்.

"அங்க என்னம்மா பார்க்கற?" என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்பான்.

"பல்வலி மாத்திரை வெச்சிருக்காருண்ணா. ஆனா எப்படிச் சிரிச்சுப் பேசிட்டுப் போறாரு பாரேன்."

சலவைக் கடையில் முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் அண்ணனுடையது. நடுவில் தொங்கும் கோட்டுகள்தான் சுவர். பன்னிரண்டு வருடமாக இப்படி. அவளுக்கு வயது முப்பத்துநான்கு. பள்ளிப் படிப்போடு நின்றவள். சினிமா எடுப்பதை எங்கும் போய்ப் படிக்கவில்லை. இப்போது நாற்பது நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கையில் இருப்பதைக் கொண்டு எடுக்கிறாள். மூலை உடைந்த செல்போன்தான் கேமரா. அழுக்குத் துணி ஏற்றும் நாலு சக்கர வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்துகொள்ள, அண்ணன் தள்ளுவான். "எண்ணெய்க் கிண்ணம் ஏந்திட்டுப் போற மாதிரி தள்ளுண்ணா" என்பாள். அவன் சனிக்கிழமைகளில் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை வண்டியில் வைத்துத் தெருவை ஒருமுறை சுற்றி வந்து, சிந்தவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் படுப்பான். முகத்தில் வெளிச்சம் விழ, அண்ணி வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பாள்.

"கை கழண்டுடும் போல இருக்குடி."

"ஒரே நிமிஷம் அண்ணி. இப்பத்தான் மாமா முகத்துல விடியுது."

காலைப் பனி வேண்டிய காட்சிக்கு இஸ்திரிப் பெட்டியின் ஆவி. வசனம் பதிவு செய்ய, கம்பளிக் கோட்டுகள் நெருக்கித் தொங்கும் பின்னறை. அதற்குள் போய் நின்றால் தெருவில் லாரி போவதுகூடக் கேட்காது. மாமா அங்கே வியர்த்துக் கொட்டியபடி பேசிவிட்டு, "டயலாக் பேசினேனா, வெந்நீர்ல குளிச்சேனா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வருவார்.

மாமா என்றால் அவர்களுடைய அம்மாவின் தம்பி. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். படத்தின் கதாநாயகன் அவர்தான், கதையும் அவர் நடையைப் பார்த்து அவள் எழுதியதுதான். சலவைக் கடையில் வேறு யாருடைய கோட்டோ கைமாறி வந்துவிட, அதை உரியவரிடம் சேர்க்க ஒரு கிழவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரெல்லாம் நடக்கிறார். அவ்வளவுதான் கதை. ஒரே நாளில் நடக்கும் அந்தக் கதையை, கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஒன்பது மாதமாக எடுக்கிறாள். வெயில் சரியாக அமைந்த ஞாயிறுகள் இதுவரை முப்பது.

ஒரு நாள் கதை என்பதால் மாமாவின் தாடி என்றைக்கும் ஒரே நீளத்தில் இருந்தாக வேண்டும். புதன்கிழமை சவரம் செய்துகொண்டால் ஞாயிற்றுக்கிழமை வேண்டிய அளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். செவ்வாய் இரவே போன் போய்விடும். ஒருமுறை மாமா ஒரு கல்யாணத்துக்குப் போக வெள்ளிக்கிழமை மழித்துக்கொள்ளவா என்று கேட்டார். இவள் முடியாது என்றுவிட்டாள். "என் தாடிக்கே கால்ஷீட் வாங்கிட்டா மாப்ள, எனக்குத்தான் இன்னும் அட்வான்ஸ் வரல" என்று அவர் அண்ணனிடம் முறையிட்டார்.

படப்பிடிப்பில் அவள் சத்தம் போடுவதில்லை. ஆக்‌ஷன், கட் எதுவும் கிடையாது. "ம், நடங்க மாமா" என்பாள். "போதும்" என்பாள். எடுத்து வைத்த காட்சிகள் அவள் பேச்சில் அழுக்கு மூட்டை. வெட்டி ஒட்டியது இஸ்திரி போட்டது. தெருவில் அவளுக்கு டைரக்டரம்மா என்று பெயர். பாதி கேலி.

"டைரக்டரம்மா, என் பேன்ட் வந்துச்சா?"

"எடிட்டிங்ல இருக்கு சார். நாளைக்கு ரிலீஸ்."

கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் துணிச் சீட்டுகளைக் கோத்து மாட்டியிருக்கிறாள். படத்தின் முடிவில் போட வேண்டிய பெயர்கள் அவை. 'நடிப்பு: மாமா' என்று ஒரு சீட்டு. 'வெளிச்சம்: அண்ணி' என்று ஒன்று. 'வண்டி: அண்ணன்' என்று எழுதியதை மட்டும் அவன் உருவிக் கசக்கிவிட்டான். "தினமும் தள்ளற வண்டிதானே, அதுக்கெல்லாமா பேரு? வேற ஏதாவது உருப்படியா செஞ்சா அப்பப் போடு" என்றான். அவள் வற்புறுத்தவில்லை.

இனி சட்டைக்கு வரலாம். முதல் ஞாயிறு, டீக்கடைக் காட்சியில் மாமாவுக்குக் கை நடுங்கி, வெளிர்நீலச் சட்டையின் இடப்பக்க நெஞ்சில் டீ கொட்டிவிட்டது. மாமா பதறிப்போனார். அவள் செல்போனைப் பார்த்தபடியே, "விடுங்க மாமா. அந்த ஆளுக்கு இன்னிக்கு எல்லாம் இப்படித்தான் நடக்கும்" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கறை படத்தில் ஒரு பாத்திரம். ஒரு காதைப் போன்ற வடிவம், அதன் கீழே தோடு தொங்குவதுபோல ஒரு சொட்டு. ஒவ்வொரு ஞாயிறும் முடிந்தபின் அண்ணன் அந்தச் சட்டையின் கழுத்தையும் கையிடுக்கையும் மட்டும் அலசுவான். நெஞ்சுப்பகுதி நனையாமல் சுருட்டிப் பிடித்துக்கொள்வான். பிறகு பின்பக்கக் கதவின் உட்புறம் தனி ஆணியில் மாட்டிவிடுவான்.

இஸ்திரி மேசையருகே நின்றால் அந்த ஆணி நேர் எதிரே தெரியும். கடை வாசல் பலகையில் 'எந்தக் கறையும் போகும்' என்று தன் கையாலேயே எழுதி வைத்திருப்பவன் அண்ணன். ஒன்பது மாதமாக ஒரு டீக்கறை அவனைத் தினமும் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. மிச்சம் ஒரே ஒரு காட்சி. கோட்டைச் சேர்த்தாகிவிட்டது, வெறுங்கையோடு திரும்பும் கிழவர் கடைக்கு எதிர்ச்சுவரில் விழும் சாயங்கால வெயிலில் ஒரு நிமிடம் நிற்கிறார். அந்த வெயில் நாலு பத்திலிருந்து நாலு கால்வரைதான் இருக்கும். மறுநாள் காலை மாமா வெளிநாட்டில் இருக்கும் மகனோடு தங்கப் புறப்படுகிறார். திரும்பி வருகிற பேச்சு இல்லை. அன்றைக்கு எடுக்காவிட்டால் படத்துக்கு முடிவு கிடையாது.

அண்ணனும் இதையெல்லாம் அறிந்தவன்தான். ஆனால் அவன் மனதில் ஓடியது வேறு. அலைந்த மனுஷன், வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது. சந்தோஷமான காட்சி. கடைசியில் நாலு பேர் பார்க்க அழுக்குச் சட்டையோடா நிற்க வேண்டும்? தங்கைக்குச் சொல்லாமல் செய்து வைத்தால் மகிழ்ந்துபோவாள் என்று எண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் சட்டையைக் கீழே இறக்கினான். கிளிசரின் தடவி ஊறவைத்தான். வினிகர், வெந்நீர், மறுபடி கிளிசரின். மூன்று மணி நேரம். பைவிளிம்பின் கடைசி நூலில் ஒட்டியிருந்த கறைகூடப் போய்விட்டது. கஞ்சி போட்டு, கத்தி முனைபோல மடிப்பு எடுத்து மாட்டினான்.

ஞாயிறு மதியம் இரண்டரைக்கு அவள் கதவைச் சாத்திப் பார்த்தாள். சட்டையை எடுத்தாள். முகர்ந்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள்.

"ரொம்ப நல்லாப் போயிருக்குண்ணா" என்றாள். "ஒரு அடையாளம்கூட இல்ல."

அவன் சிரிக்கப் போனான். அவள் அழுக்கு மூட்டைமேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும்தான் அவனுக்கு உறைத்தது. கதையில் அது அதே நாள். கிழவர் வீட்டுக்கே போகவில்லை.

மாமா நாலு நாள் தாடியைத் தடவிக்கொண்டே, "கோட்டை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

"கோட்டைத்தான் குடுத்தாச்சே மாமா. கை காலியா இருக்கறதுதான் சீனே."

"வேற பக்கமாத் திரும்பி நின்னா?"

"அந்தப் பக்கம் வெயில் இல்ல."

அண்ணி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஊர்ல இருக்கற கறையெல்லாம் விட்டுட்டு, உங்களுக்கு இதுதான் கிடைச்சுதா?" என்றாள். அவன் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கையிடம் கேட்டான்.

"அன்னிக்குக் கொட்டினது பால் டீயா, வெறும் டீயா?"

"பால் டீ."

"சர்க்கரை போட்டதா?"

"எனக்கு உடம்புல இருக்கு மாப்ள. அதனால டீயில போடறதில்ல" என்றார் மாமா.

அண்ணி பால் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணன் சட்டையை மேசையில் விரித்தான். தங்கை செல்போனில் பழைய காட்சியை நிறுத்திக் காட்ட வந்தாள். "வேணாம். மூணு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கேன், அதோட மூஞ்சி எனக்கு மறக்குமா?" என்றான். எது முதலில் போயிற்று, எது விடாப்பிடியாக நின்றது என்று அவன் விரலுக்குத் தெரியும். முதலில் போன இடம் மங்கல், கடைசியில் போன இடம் அழுத்தம். கறை மருந்து தடவும் மெல்லிய பிரஷ்ஷை டீயில் தோய்த்து அதே வரிசையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்தான். காதின் ஓரம் அழுத்தமாக, நடுவில் ஈரத்துணியால் ஒற்றி வெளிறலாக. சூடான இஸ்திரிப் பெட்டியை ஆவியில்லாமல் வைத்துக் காயவைத்தான். மறுபடி ஒரு பூச்சு. மறுபடி இஸ்திரி. பிறகு தான் போட்ட கத்தி மடிப்பைத் தானே கசக்கிக் கலைத்தான்.

அவள் இப்போது செல்போனைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள்.

"தோடு மட்டும் கொஞ்சம் கீழண்ணா."

"எவ்வளவு?"

"அரை விரக்கடை."

பிரஷ் நுனியால் ஒரு சொட்டு வைத்தான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சட்டையை மாமாவிடம் நீட்டினாள். மணி நாலு ஐந்து.

எதிர்ச்சுவரில் வெயில் ஏறியது. அண்ணி விரிப்பைத் தூக்கினாள். அண்ணன் வண்டியைத் தள்ளினான், சக்கரம் முனகவில்லை. "ம், நடங்க மாமா." மாமா வந்தார், நின்றார், இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார், ஒரு கை தானாக அந்தக் கறைமேல் போய் நின்றது. அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. வெயில் சுவரைவிட்டு இறங்கியபிறகுதான் "போதும்" என்றாள்.

மாமா சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக முகத்தை மழிக்க உள்ளே போனார். அண்ணி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அதைத் தரவில்லை. தன் தோளில் போட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் போய் ஒரு துணிச் சீட்டு எடுத்து, குனிந்து எழுதினாள். ஊக்கைப் பல்லில் கடித்தபடி அவன் எதிரே வந்து நின்றாள். பழக்கதோஷம், முதலில் அவன் சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டு, அங்கே செருகியிருந்த டீ பிரஷ்ஷை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு பையின் விளிம்பில் சீட்டைக் குத்தினாள். அவன் குனிந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்தைக் கூட்டிப் படித்தான். 'கறை: அண்ணன்.'

கசக்க வந்த அவன் கையை அவள் தட்டிவிட்டு, ஊக்கு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சீட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.