தாலிக்கொடி கவனம் என்று நான் சொன்ன நாட்கள்

உடுப்புக்கடை வாசலில் மைக் பிடிக்கிறவளுக்கு முதலில் போவது தொண்டை, அடுத்தது மானம், கடைசியாக நித்திரை. பண்டிகை நாட்களில் கடைகளில் நின்று கால் வீங்கியவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சி. ஆகவே உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஏ.எல். சோதினை எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என்னை, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் ஓர் உடுப்புக்கடை நத்தாருக்கு முன்னிருந்து தைப்பொங்கல் வரைக்கும் அறிவிப்பாளராக எடுத்தது. எனக்கிருந்த ஒரே தகுதி, பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியில் அதிபரின் குரலில் அரைநாள் லீவு விட்டது. பிள்ளைகள் பையோடு கேற்றடிக்குப் போன பிறகுதான் லீவு விட்ட விஷயம் அதிபருக்கே தெரியவந்தது.

எல்லாக் கையும் கழுத்துக்கு

நான் சேர்ந்த கிழமை, அந்த வீதியில் இரண்டு பெண்களின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் கடைக் கதிரையில் இருந்துதான் தண்ணீர் குடித்தா. கழுத்தைச் சுற்றிக் கயிறு இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. போத்தல் அவவின் பல்லில் டக் டக் என்று அடித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதலாளி பயந்துபோனார். மலிவு விற்பனை அறிவித்தலுக்கு நடுவே இதையும் சொல்லு என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். "தாலிக்கொடி, சங்கிலி அணிந்து வந்திருக்கும் தாய்மார் தங்கள் நகைகளில் கவனமாக இருக்கவும்."

அதை நான் சந்தியில் விசில் ஊதுகிற பொலிஸ்காரரின் குரலில் சொன்னேன். சொல்லி முடிக்க முன்னம் கடைக்குள் நின்ற அத்தனை பெண்களின் கையும் ஒன்றாகக் கழுத்துக்குப் போனது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர்கள், குழந்தையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுத் தொட்டார்கள். அதைப்போல ஒரு விளையாட்டு எனக்கு அதுவரைக்கும் கிடைத்ததில்லை. பிறகு கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் சொன்னேன். ஒருதரம் வானொலி அறிவிப்பாளராக, ஒருதரம் மினிபஸ் கொண்டக்ரராக, ஒருதரம் மூக்கால் மந்திரம் சொல்லும் கோயில் ஐயராக. சாறிப் பகுதியில் வேலை செய்யும் வனிதா அக்கா, விரித்த சாறியை மடித்தபடி சொன்னா:

"நான் கொடியைக் கழட்டி அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு வாறனான். நீ வாய் திறக்கிற நேரமெல்லாம் என்ரை கை வெறுங்கழுத்துக்குப் போகுது, விசரி."

பை காத்தவ

நத்தாருக்குக் கனடாவிலிருந்து வந்த ஒரு மாமி எங்கள் கடைக்கு வந்தா. சங்கிலியைச் சட்டையோடு சேர்த்து மூன்று ஊசி குத்தியிருந்தா. பாஸ்போட் இருந்த கைப்பையைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்திருந்தா. "இஞ்சை இப்ப ஒருத்தரையும் நம்பேலாதாம், என்ன?" என்று என்னிடமே விசாரித்தா. ஒரு மாம்பழ நிறச் சாறியைக் கண்டதும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "இதை ஒருக்காப் பிடியும் தங்கச்சி" என்று பையைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போனா. அங்கிருந்து மேல்மாடிக்குப் போனா. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு பையின் ஞாபகம் வந்து, ஆரிடம் கொடுத்தது என்று தெரியாமல் மாடிப்படியில் இருந்து அழத் தொடங்கினா.

அவ அழுத விதத்தில் எனக்கு ஒரு குரலும் எடுக்க மனம் வரவில்லை. என் சொந்தக் குரலிலேயே அறிவித்தேன். பையை வாங்கியவ கொழும்புத்துறையிலிருந்து வந்தவ. வாங்கின இடத்தில், அதே ஸ்ரூலில், பையை எல்லாருக்கும் தெரியிற மாதிரி நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தா. அவவின் ஊருக்குப் போகும் கடைசிக்கு முதல் மினிபஸ்ஸும் போய்விட்டது. ஏன் எழும்பி எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எழும்பினால் பையோடை ஓடுறன் எண்டு ஆரும் சொல்லிப்போடுவினம் எண்ட பயத்திலை, ஒண்டுக்குப் போகாமலும் இருக்கிறன் தங்கச்சி."

பானையின் வாய்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வட்டுக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்ட ஓர் அம்மா, பச்சை பிளாஸ்ரிக் கூடைக்குள் புதுப்பானையோடு வாசலில் நின்று பிள்ளைகளின் சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தா. நான் வழமைபோலப் பொலிஸ் குரலை எடுத்தேன். எல்லாக் கையும் கழுத்துக்குப் போனது. இந்த அம்மாவின் கை மட்டும் பானையின் வாயைப் பொத்தியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு திரும்பியபோதுதான் வாசற்படியில் நின்றவனைக் கண்டேன். கறுப்பு ஹெல்மெற், அதன் கண்ணாடியும் இறக்கியபடி. நான் அறிவிக்கும்போது ஆக்கள் ஒன்றில் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் என்னைப் பார்ப்பார்கள். அவனுடைய தலை ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பி, பானையில் வந்து நின்றது. இவ்வளவு நாளும், நாளுக்கு நாற்பது தரம் நான் செய்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. ஆரிடம் நகை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். படியில் நின்று எத்தனை பேர் பார்த்தார்களோ.

அம்மா பஸ்ஸுக்கு வெளிக்கிட்டா. அவன் இறங்கி மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் செய்தான். எனக்குக் கத்த வேண்டும். அதிபர், பொலிஸ்காரர், ஐயர், கொண்டக்ரர் எல்லாரும் தொண்டைக்குள் நின்றார்கள், ஒருத்தரும் வெளியே வரவில்லை. மைக்கை வனிதா அக்காவின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அம்மா வீதிக்கரையோடு நடந்துகொண்டிருந்தா. எனக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் நெருங்கியது. விளங்கப்படுத்த நேரமில்லை. கூடையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைப் பக்கமாக இழுத்தேன். அம்மா விடவில்லை. "கள்ளி, கள்ளி, விடடி" என்று கத்தினா. கூடை கவிழ்ந்தது. பானை றோட்டில் விழுந்து நாலாக உடைந்து, பயறும் சர்க்கரையும் சிதறி, அதற்கு நடுவே கைலேஞ்சித் துணியில் கட்டிய ஒரு முடிச்சு. முடிச்சின் ஓரத்தால் தாலிக்கொடி எட்டிப் பார்த்தது. கொழுக்கி தேய்ந்ததைத் திருத்த நகைக்கடைக்குக் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது கழுத்தில் போடப் பயந்து, பயறுக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்திருக்கிறா.

அரை நிமிடத்தில் ஊர் கூடிவிட்டது. ஒருத்தி என் தலைமயிரைப் பிடித்தா. ஒருவர் பொலிசுக்கு ஃபோன் எடுக்கச் சொன்னார். குனிந்தபடியே அவர்களின் கால்களுக்கு இடையால் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் கிட்ட வந்து, வேகத்தைக் குறைத்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வனிதா அக்கா ஓடிவந்து, "உவள் எங்கடை கடைப் பிள்ளை, மைக்கிலை கத்துறவள்" என்று சொன்ன பிறகுதான் என் தலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. பல் அடிக்க அடிக்க நடந்ததைச் சொன்னேன். நான்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது என்றும் சொன்னேன். அம்மா கொடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உடைந்த பானை ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றா.

"கொடியைக் காப்பாத்தித் தந்தனி, சரி. ஆனால் கள்ளன் எண்டாலும் பானையை விட்டிட்டுப் போயிருப்பான், பிள்ளை."

அடையாளம்

முதலாளி என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்கு அங்கால் இருந்தவர் பேனையைத் திறந்து, ஆள் எப்பிடி என்று கேட்டார். ஹெல்மெற் போட்டவர் என்றேன். நிறம்? கறுப்பு. ஆளோ, ஹெல்மெற்றோ? ஹெல்மெற். மோட்டார் சைக்கிள் நம்பர்? சேறு பூசியிருந்தது. குரல்? அவன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஊரில் ஒரு மனிதன் தும்மினாலே ஆரென்று சொல்லுகிற எனக்கு, அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. அவர் எழுதியதைத் தானே ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார்.

"அப்ப தங்கச்சி, யாழ்ப்பாணத்திலை உள்ள கறுப்பு ஹெல்மெற் முழுக்க நான் பிடிக்கவேணும், அப்பிடித்தானே?"

வேட்டி வாங்க வந்தவர்

அடுத்த நாள் காலையிலிருந்து நகை என்ற சொல்லையே நாங்கள் எடுக்கவில்லை. முதலாளி தந்த துண்டைக் கிழித்துவிட்டு நானே புதிதாகச் சொன்னேன். வாசலில் நின்று ஃபோன் பார்க்காதையுங்கோ. பையை வீதிப் பக்கத் தோளில் கொழுவாதையுங்கோ. ஒழுங்கையால் தனியப் போகாதையுங்கோ. பஸ் நிலையத்துக்கு இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து போங்கோ. ஒரு குரலும் எடுக்கவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஆனால் முன்பின் தெரியாத பெண்கள் வாசலில் நின்று ஒருத்தருக்காக ஒருத்தர் பார்த்து, சேர்ந்து போனார்கள். நான் படியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹெல்மெற்றோடு ஆர் ஏறினாலும் வனிதா அக்காவைக் கூப்பிட்டேன். தபால்காரர் வந்தபோதும் கூப்பிட்டேன்.

பின்னேரம் சனம் குறைந்த நேரத்தில் ஒருவர் வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட சேட். பார்த்தால் கோயிலில் எனக்கு வழிவிட்டு நிற்கக்கூடிய ஆள். மைக்குக்குப் பக்கத்தில் நின்று, மற்றக் கையில் வைத்திருந்த கறுப்பு ஹெல்மெற்றைத் தலையில் போட்டு, அதன் பட்டியை அவசரமில்லாமல் ஆறுதலாகப் பூட்டினார். கறுப்பு ஹெல்மெற் எங்கள் அப்பாவிடமும் இருக்கிறது, முதலாளியிடமும் இருக்கிறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியை இறக்க முன்னம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முந்தி ஒரு கொடி அறிவித்தல் சொல்லுவீங்கள், நல்லாயிருந்தது. ஏன் தங்கச்சி, இப்ப சொல்லுறேல்லையோ?"

ஊரில் உள்ள எல்லாருடைய குரலிலும் கதைத்துக் காட்டுகிற நான், அந்தக் குரலை மட்டும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டுகூட இன்னும் ஒருதரமும் எடுத்துப் பார்க்கவில்லை.